சாயாத விமானம்

சாயுது. இடது பக்கமாச் சாயுது. சும்மா தோணல் இல்ல, சத்தியமாச் சாயுது. இடது தொடையில கனம் கூடியிருக்கு, வலது தொடை லேசாயிருச்சு, தோள் பெல்ட் என்னை ஒரு பக்கமா இழுக்குது. ஆனா எதிர்ல இருக்கிற மீட்டர் சாயலைங்குது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம், மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி பழுப்பு, நீலம் வானம், பழுப்பு தரை, நடுவுல ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு ஸ்கேல் வச்சுக் கிழிச்சாப்பல கிடக்கு. நீ நேராத்தான் போறே, பேசாம உட்காருங்குது. சரி, கண்ணால பார்த்தே தீர்த்துக்கலாம்னா வெளியில பார்க்க ஒண்ணும் இல்ல. வெள்ளை. கஞ்சித் தண்ணிக்குள்ள முங்கிட்ட மாதிரி வெள்ளை. ஐப்பசி மேகம்னா லேசுப்பட்டதா? தஞ்சாவூர்ல ஏறினப்போ வெயில் அடிச்சுது, வயல்ல தேங்கின தண்ணி பளபளன்னு கிடந்துச்சு, விமானத்தைத் தரையிலேருந்து தூக்கினது இந்த ரெண்டு கையும்தான். மேகம் வந்ததும் குடுத்துட்டேன். குடுத்துத்தான் ஆகணும். மேகத்துக்குள்ள மீட்டரை மட்டும் பார்த்து ஓட்டறதுக்கு வருஷா வருஷம் பரீட்சை எழுதி ஒரு கார்டு வாங்கணும், டெல்லியில உட்கார்ந்து ஃபைல் புரட்டிக்கிட்டு இருந்தவன் அதை எங்க வாங்கறது? காலாவதி ஆகிப்போச்சு. "யூ ஹேவ் கன்ட்ரோல்"னு சொன்னேன். இடது சீட்ல இருக்கிற ஸ்குவாட்ரன் லீடர் ஜெர்லின் "ஐ ஹேவ் கன்ட்ரோல், சார்"னா. நான் மறுபடியும் "யூ ஹேவ் கன்ட்ரோல்"னேன். இப்படி மூணு வாட்டி வாய்விட்டுச் சொன்னாத்தான் விமானம் கை மாறினதா அர்த்தம். கல்யாணத்துல கூட இவ்வளவு உறுதியாக் கேட்டுக்க மாட்டாங்க. ரேங்க்ல நான் அவளுக்கு நாலு படி மேல, ஏர் வைஸ் மார்ஷல் கோட்டைச்சாமி, மார்ல ரிப்பன் ரிப்பனாத் தொங்குது. ஆனா சக்கரம் தரையை விட்டதுக்கப்புறம் இந்த விமானத்துக்கு கேப்டன் அந்தத் தூத்துக்குடிப் பொண்ணு. அவ சொல்றதுதான் சட்டம். நல்ல சட்டம்தான், நானே பல பேருக்கு அதைக் கத்திக் கத்திச் சொல்லிக் குடுத்திருக்கேன். இப்ப கொஞ்சம் முன்னாடிதான் ஒரு இடிமேகத்தைச் சுத்திப் போக அவ வலது பக்கம் நிதானமா ஒரு பெரிய வளைவு போட்டா. வளைவு முடிச்சு நேராக்கின நிமிஷத்துலேருந்துதான் எனக்கு இந்தச் சனியன் பிடிச்சிருக்கு. காரணமும் தெரியும். காதுக்குள்ள இருக்கிற தண்ணி நீளமான வளைவுக்குப் பழகிப்போயிடும், அதுதான் நேர்னு நினைச்சுக்கும், அப்புறம் நிஜமாவே நேராக்கினா எதிர்ப்பக்கம் கவுத்துட்டாங்கன்னு கூப்பாடு போடும். இதைப் பாடமா எடுத்திருக்கேன். தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? தெரியறது மூளைக்கு. சாயுறது எனக்கு.

எனக்கு முன்னாடியும் ஒரு கன்ட்ரோல் வீல் இருக்கு. அவ கையில ஆடற மாதிரியே என் முழங்காலுக்கு மேல அதுவும் தானா ஆடிக்கிட்டு இருக்கு. பிடிச்சு வலது பக்கம் ஒரு நூல் திருப்பினாப் போதும், இந்த அவஸ்தை தீர்ந்துரும். ஆட்டோ பைலட் காலையிலிருந்தே மக்கர், அதனால எல்லாம் கைதான். பின்னாடி கதவுக்கு அந்தாண்ட லீவுக்குப் போற ஏர்மேன்கள் அஞ்சாறு பேர், எனக்காக சீட்டை விட்டுக்குடுத்துட்டுப் போன கோ பைலட், ஒரு சார்ஜென்ட்டோட சம்சாரம், அது மடியில கைக்குழந்தை. ஏறும்போது அந்தக் குழந்தை என் தொப்பியைப் பார்த்து வீல்னு கத்துச்சு. அந்தம்மா பதறிப்போய் "ஏய், பெரிய ஆபீசர்டா"ன்னுச்சு, அது என்ன ஆபீசரைக் கண்டுச்சு. இப்ப சத்தத்தையே காணோம், தூங்கிருச்சு போல. கணக்கு ரொம்ப சுலபம் கோட்டைச்சாமி. உடம்பு பொய் சொல்லி, நீ அதை நம்பித் திருப்பினா அந்தக் குழந்தை போச்சு, எல்லாரும் போச்சு. மீட்டர் பொய் சொல்லி, நீ திருப்பாம கம்முனு உட்கார்ந்திருந்தாலும் போச்சு. கையை மடியில வை. வச்சுட்டேன். மடியில வச்ச கை யாரோ குடுத்துட்டுப் போன பொட்டலம் மாதிரி கிடக்கு. கடைசிப் பறப்புடா இது. மாசக் கடைசியில ரிட்டயர்மென்ட். தாம்பரத்துல தீயணைப்பு வண்டி ரெடியா நிக்கும், இறங்கினதும் தண்ணியைப் பீச்சி அடிச்சு என்னைத் தொப்பலா நனைப்பாங்க, கடைசியாப் பறந்து இறங்கறவனுக்கு அதுதான் மரியாதை. கோமதி மாத்துத் துணி எடுத்துக்கிட்டு வந்திருப்பா. "இந்த வயசுல சளி பிடிக்கும்னு யாருக்கும் தோணாதா"ன்னு போன்ல கேட்டா. என்ஜின் உறுமல் ஒரே சுதியில போய்க்கிட்டு இருக்கு, காலடியில வெதுவெதுன்னு காத்து வருது, கண்ணு சொக்குது. வெள்ளைக்குள்ள வெள்ளையா ஏதோ நகருது. நகருதா, நான்தான் நகர்றேனா?

கோட்டைச்சாமிக்கு உட்கார்ற எடத்துல கண்ணு இருக்குன்னு சொல்வாங்க. எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் அந்தக் கதை எனக்கு முன்னாடியே போய் உட்கார்ந்திருக்கும். அஸ்ஸாம்ல மிக் போர் விமானம் ஓட்டிக்கிட்டு இருந்த காலம், நான் ஃப்ளைட் லெப்டினென்ட், மழை மேகத்துக்குள்ள நுழைஞ்சதும் என் வானம் காட்டற மீட்டர் குடை சாஞ்சு செத்துப்போச்சு, நான் கண்ணை மூடிக்கிட்டு உடம்பாலயே விமானத்தைத் தடவித் தடவி வீட்டுக்குக் கொண்டாந்துட்டேனாம். அதுக்குத்தான் மெடல் குடுத்தாங்களாம். ஆபீசர் மெஸ் பார்ல நாலு பேர் சேர்ந்தா யாராவது ஒருத்தன் ஆரம்பிச்சுருவான், ஒவ்வொரு வருஷமும் மேகம் இன்னும் கொஞ்சம் கறுக்கும், மழை இன்னும் கொஞ்சம் பலக்கும். கோமதி மட்டும்தான் கேட்டா: "மெடல் உங்களுக்கா, உங்க பின்பக்கத்துக்கா? எங்கன குத்தணும்னு சொன்னாங்க?" அவ திருநெல்வேலிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். கூடப் படிச்ச வடக்கத்திப் பசங்களுக்குக் கோட்டைச்சாமின்னு சொல்ல நாக்கு வராது, கோட்டின்னுதான் கூப்பிடுவாங்க. கல்யாணமாகி மெஸ்ஸுக்கு வந்த முத நாள் எல்லாரும் என்னை "கோட்டி, கோட்டி"ன்னு கூப்பிடறதைக் கேட்டுட்டு அவ சேலைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. அவங்க ஊர்ல கோட்டின்னா பைத்தியம். வீட்டுக்கு வந்து "இவ்வளவு பேருக்குத் தெரிஞ்சிருக்கு, எங்க வீட்டுக்கு மட்டும் யாரும் சொல்லலையே"ன்னா. சிரிச்சு சிரிச்சு எனக்கு விலா வலிச்சுது. என் கூடப் படிச்ச நேகியும் அப்ப இருந்தான். நேகிக்கு அர்த்தம் சொன்னதும் அவன் தரையில உருண்டான். மலைக்காரன், கின்னோர்ப் பக்கம், ஆப்பிள் மாதிரி கன்னம், சிரிச்சா கண்ணு காணாமப் போயிடும். பயிற்சிக்காக பெங்களூர்ல எங்களை ஒரு சுழல் நாற்காலியில உட்கார வச்சு, கண்ணைக் கட்டிச் சுத்தி விட்டாங்க. எந்தப் பக்கம் சுத்துதுன்னு கட்டை விரலால காட்டணும். டாக்டர் நாற்காலியை நிறுத்திட்டார், நேகி இன்னும் விரலைக் காட்டிக்கிட்டே இருக்கான், இப்ப இடது பக்கம் சார், வேகமா சார்ங்கறான். நாற்காலி சும்மா நிக்குது. நாங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். கட்டை அவுத்து விட்டதும் அவன் எங்க முகத்தை ஒவ்வொண்ணாப் பார்த்தான். அந்தப் பார்வை. யாரோ தன் வீட்டைக் காணோம்னு சொல்லிட்ட மாதிரி. என் முறை வந்தப்போ நானும் அதே மாதிரி விரலைத் தப்பாத்தான் காட்டினேன், அதுக்கும் சிரிச்சாங்க, ஆனா அந்த விஷயம் மட்டும் எந்தக் கதையிலும் வரலை.

இன்னும் சாயுது. இப்ப கொஞ்சம் கூடுதலா. சொல்லிப்பார்க்கலாமா? "ஜெர்லின், லேசா வலது பக்கம் கொண்டு வாம்மா." அவ்வளவுதான், வாயைத் திறந்தாப் போதும், அவ செஞ்சுருவா. அதுதான்டா பயமே. என் பேச்சுக்கு இப்ப எடை ஜாஸ்தி. பைலட் ஆபீசரா இருந்தப்போ நான் கத்தினாலும் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். விங் கமாண்டர் ஆனப்போ சொன்னா கேட்டாங்க. குரூப் கேப்டன் ஆனப்போ முணுமுணுத்தாலே கேட்டுச்சு. அப்புறம் ஏர் கமடோர், ஒரு ஸ்டேஷனே என் கையில. ஒருநாள் காலையில கார்லேருந்து இறங்கறப்போ, ஏதாவது பேசணுமேன்னு, இந்தக் காகிதப்பூச் செடி வாடிப்போச்சேன்னு சொல்லித் தொலைச்சேன். மறுநாள் வந்து பார்த்தா மொத்த வரிசையையும் பிடுங்கிட்டுப் புதுச்செடி நட்டு, மண்ணெல்லாம் ஈரமா இருக்கு. பழைய செடிக்கு ஒண்ணும் இல்ல, தண்ணி ஊத்தியிருந்தாப் போதும். அன்னைலேருந்து நான் எதைப் பார்த்தாலும் கருத்துச் சொல்றதை விட்டுட்டேன். டெல்லியில ரொம்பக் குளிருதேன்னு சொன்னா ஹீட்டர் வரும், வெளிச்சம் கம்மியோன்னு சொன்னா ஆளே வருவான் ஏணியோட. இந்தப் பொண்ணும் அப்படித்தான் வளர்ந்து வந்திருப்பா, பெரியவங்க சொன்னாச் செய்யணும்னு. நான் வலதுன்னு சொன்னா மீட்டரைப் பார்க்காமலே வலதுக்குப் போவா. ஒரு வேடிக்கை பாரு, படி ஏற ஏறப் பறக்கறது குறையும் எங்க வேலையில. அடியில இருக்கிறவன் தினம் ரெண்டு தடவை மேல போவான். உச்சியில இருக்கிறவன் வருஷத்துல ரெண்டு தடவை போனா போட்டோ எடுத்து மாட்டுவாங்க. பறக்கணும்னுதான்டா வந்தேன். முதுகுளத்தூர்லேருந்து எதுக்கு வந்தேன், நாற்காலிக்கா? முதல் முதலாத் தனியாப் பறந்த அன்னைக்கு, பக்கத்துல சொல்லிக் குடுக்கிறவர் சீட் காலி. அந்தக் காலி சீட்டைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தோஷம் வந்துச்சு, வானத்தைப் பார்த்து இல்ல. வாய்விட்டுப் பாடினேன். இன்ஸ்ட்ரக்டர் கீழே ரேடியோவில கேட்டுக்கிட்டு இருந்திருக்கார், பொத்தானை அழுத்திக்கிட்டே பாடியிருக்கேன், கூறுகெட்டவன். அப்புறம் ஊர் ஊராப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடினதுதான். கறுப்புத் தகரப் பெட்டி, மேல வெள்ளை பெயின்ட்ல என் பேரும் ரேங்க்கும். ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் கோமதி பழைய ரேங்க் மேல கறுப்பு பூசிட்டுப் புதுசை எழுதுவா. கடைசியில பெயின்ட் பொருக்குத் தட்டிப்போய் எழுத்தே நிக்கலை. "ஏங்க, இதுக்கு மேல பெரிசா ஒண்ணும் ஆயிராதீங்க, பெட்டி தாங்காது"ன்னா. ஆகலை. இதோட நின்னுபோச்சு. வருத்தம் இருக்கான்னு கேட்டா இருக்கு, ஏன் இல்லாம, நானும் மனுஷன்தானே.

குழந்தை முனகுது. இல்ல, அது கதவு கீல் சத்தம். வெள்ளை கொஞ்சம் சாம்பலாகி மறுபடியும் வெள்ளையாகுது. கண்ணாடியில மழைத்துளி கீழேருந்து மேல ஏறி ஓடுது, இங்க எல்லாமே அப்படித்தான், தண்ணி கூட மேல்நோக்கிப் போகும். நேகி போன அன்னைக்கும் மழை இவ்வளவுதான். பயங்கர மழையெல்லாம் இல்ல, சாதாரண மேகம், சாயங்காலம் டீ குடிக்கிற நேரம். நான் கன்ட்ரோல் டவர்ல டியூட்டி. அவன் ரெண்டாவது விமானம், முன்னாடி போறவரை விட்டு மேகத்துக்குள்ள பிரிஞ்சுட்டான். நிலைமை என்னன்னு கேட்டதுக்கு "லெவல், எல்லாம் சரியா இருக்கு"ன்னான். என்ன குரல் அது! மெஸ்ஸுல உப்பை இந்தப் பக்கம் தள்ளுன்னு கேக்கற குரல். ஒரு பதட்டம் இல்ல, ஒரு மூச்சு கூடக் கூடலை. அப்படிச் சொன்னப்போ அவன் விமானம் பக்கவாட்டுல கிட்டத்தட்டக் கவுந்து தரையைப் பார்த்துப் போய்க்கிட்டு இருந்திருக்குன்னு அப்புறம் விசாரணையில கண்டுபிடிச்சாங்க. அவன் உடம்பு அவன்கிட்ட நேர்னு சொல்லியிருக்கு. நம்பியிருக்கான். நம்பாம? பொறந்ததுலேருந்து கூட இருக்கிற உடம்பு, எழுந்து நிக்கச் சொல்லிக் குடுத்த உடம்பு. அதை விட்டுட்டு ஒரு டப்பாவை நம்புன்னா எப்படி நம்பறது? நான் டவர்லேருந்து இறங்கறதுக்குள்ள குடியிருப்புல கார் கிளம்பிடுச்சு. எங்க பொம்பளைங்களுக்கு அந்தக் காரைத் தெரியும். கமாண்டிங் ஆபீசரும் அவர் சம்சாரமும் டாக்டரும் ஒரே கார்ல, அகாலத்துல, மெதுவா வந்தாங்கன்னா சாவுச் சேதியோட யாரோ ஒருத்தி வீட்டு வாசல்ல நிக்கப் போகுதுன்னு அர்த்தம். வரிசையில ஒவ்வொரு வீட்டுலயும் ஒருத்தி திரைச்சீலைக்குப் பின்னாடி நின்னு, இங்க வேண்டாம், இங்க வேண்டாம்னு பார்த்துக்கிட்டு இருப்பா. கோமதியும் நின்னா. டவர்ல உட்கார்ந்திருக்கிறவன் புருஷன், அவனுக்கு என்ன ஆகப்போகுதுன்னு அறிவு சொல்லியிருக்கும், ஆனா கால் கேக்குதா? எங்க கேட்டைத் தாண்டிப் போய் அடுத்த கேட்டுல கார் நின்னுச்சு. "அப்பாடான்னு இருந்துச்சுங்க எனக்கு, அப்பாடான்னு"ன்னு கோமதி ராத்திரி முழுக்க அதையே சொல்லி அழுதா. அடுத்த வீடு நேகி வீடு. அன்னைலேருந்து பத்து நாளைக்கு அந்த வீட்டுக்கு இவதான் சமைச்சுப் போட்டா. அதைப் பத்தி நாங்க அப்புறம் பேசினதே இல்ல. இன்னைக்குக் கூட எங்க வீட்டு வாசல்ல மெதுவா ஒரு கார் வந்தா அவ கையில இருக்கிறதைக் கீழே வச்சுருவா.

போதும்டா. போதும், மீட்டரைப் பாரு. நேர். நேர்தான். அப்ப ஏன் உள்ளுக்குள்ள ஒருத்தன் இடது, இடதுன்னு மென்னியைப் பிடிக்கிறான்? அஸ்ஸாம்ல மட்டும் இவன் சரியாச் சொன்னானே. சொன்னானா? இரு, இரு. அன்னைக்கு நிஜமா என்னதான் நடந்துச்சு? கதையை விடு, கதை யார் யாரோ சொன்னது. மீட்டர் கவுந்து, செத்துட்டேன்னு சிவப்புக் கொடி காட்டுச்சு, அது உண்மை. கண்ணை மூடினேனா? மடையா, மேகத்துக்குள்ள எவன் கண்ணை மூடுவான்? கண்ணு ரெண்டும் பிதுங்கி வெளியில வந்துச்சு. கீழ வலது மூலையில ஒரு சின்ன முள் இருந்துச்சு, திரும்பறியா இல்லையான்னு மட்டும் சொல்ற முள், யாரும் அதை மதிக்கறதே இல்ல. அது நடுவுல நின்னுச்சு. திசைகாட்டி நகரலை. உயரம் காட்டற முள் அப்படியே இருந்துச்சு. மூணும் நேர்னு சொல்லுச்சு. அப்ப உடம்பு? உடம்பு என்ன சொல்லுச்சு அன்னைக்கு? ஐயோ. அன்னைக்கும் கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. தலைகீழாப் போறோம், தலைகீழாப் போறோம்னு கத்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு அந்த மூணு முள்ளையும் பிடிச்சுக்கிட்டு வந்தேன், இறங்கினதும் ஏணிக்கு அடியில தரையிலயே உட்கார்ந்துட்டேன். ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதினேன், சின்ன முள்ளை நம்பி வந்தேன்னு. யார் படிச்சா? ஒரு மீட்டர் போனதும் இன்னொரு மீட்டரை நம்பினவனை, மீட்டரே வேண்டாம்னவனா ஆக்கிட்டாங்க. அதுதானே கேக்க நல்லா இருக்கு. கேட்டுக் கேட்டு எனக்கே அப்படித்தான் ஞாபகம் ஆகிப்போச்சு. சரிதான். இப்பவும் எண்ணிப் பாரு. என் மீட்டர், அவ மீட்டர், நடுவுல தனி பேட்டரியில ஓடற சின்ன மீட்டர். மூணும் ஒரே மாதிரி. மூணும் சேர்ந்து கூட்டுச் சதி பண்ணுமா என்ன?

கண்ணாடியில என் முகம் மங்கலாத் தெரியுது, தலை வலது பக்கம் சாஞ்சிருக்கு. எப்ப சாய்ச்சேன்? திரும்பி ஜெர்லினைப் பார்த்தேன். அவ தலையும் வலது பக்கம் சாஞ்சிருக்கு, அதே அளவு. ஒரே கச்சேரிக்குத் தலையாட்டற ரெண்டு ரசிகர் மாதிரி உட்கார்ந்திருக்கோம். அப்ப அவளுக்கும். அவளும் இதே குழியிலதான் கிடக்கா, சொல்லாம. நெத்தியில வேர்வை, ஒரு துளி புருவத்துல நிக்குது. அப்புறம் எனக்கு சுகமா ஆரம்பிச்சுது. இடது தொடையில கனம் குறைஞ்சுது, பெல்ட் தளர்ந்துச்சு, யாரோ விமானத்தைப் பிடிச்சு மெல்ல நிமித்தி வச்ச மாதிரி. அப்பாடா. நேராயிருச்சு. இவ்வளவு நேரம் எதுக்குக் கிடந்து தவிச்சேன்? வெள்ளை மெத்துன்னு ஆயிருச்சு, என்ஜின் சுதி ஒரு இழை ஏறியிருக்கு, அதுவும் இனிமையாத்தான் இருக்கு, இப்படியே போய்க்கிட்டே இருக்கலாம், தாம்பரமும் வேண்டாம், தண்ணி வண்டியும் வேண்டாம், ரிட்டயர்மென்ட்டும் வேண்டாம், மாத்துத் துணியோட கோமதி நிக்கறது மட்டும் இருக்கட்டும், நாளைக்கு என்ன பண்ணப்போறேங்கிற பயம் கூட இப்ப இல்ல. நேர். என்ன ஒரு நேர். கண்ணைத் தாழ்த்தினேன். மீட்டர்ல வெள்ளைக் கோடு சாஞ்சு கிடக்கு. வலது பக்கம் சாய்றோம்னு காட்டுது. நடு மீட்டரும் சாஞ்சிருக்கு. அவ மீட்டரும். உயரத்தோட எண் ஒண்ணொண்ணா இறங்குது, அவசரமே இல்லாம. சுகம் நெஞ்சுக்குள்ள அப்படியே ஐஸ் கட்டியா நின்னுபோச்சு. இதுதான். இந்த சுகத்துக்குள்ள உட்கார்ந்துதான் நேகி பேசியிருக்கான்.

"சார்"னா ஜெர்லின். கண்ணை எடுக்காமத்தான் சொன்னா. "ஒண்ணு சொல்லணும் சார். எனக்கு ரொம்ப நேரமா இடது பக்கம் சாயுற மாதிரியே இருந்துச்சு. இப்ப சரியாயிட்ட மாதிரி இருக்கு, ஆனா மீட்டர் வேற சொல்லுது. கை தானா வலது பக்கம் போயிருக்கு போல. எனக்கு எதை நம்பறதுன்னு தெரியலை." எங்க காலத்துல இதை எவனும் வாய் திறந்து சொல்ல மாட்டான். சொன்னா டாக்டர், அப்புறம் மெடிக்கல் போர்டு, அப்புறம் தரையில உட்கார வச்சுருவாங்க, பயந்தாங்கொள்ளின்னு பேர் வேற. தலைவலியைக் கூட மறைப்போம். கேப்டன் சீட்ல உட்கார்ந்துக்கிட்டு, ஒரு ஏர் வைஸ் மார்ஷல் பக்கத்துல இருக்கும்போது, இந்தப் பொண்ணு எனக்குத் தெரியலைன்னு சொல்றா. அடுத்த வார்த்தையும் சொன்னா. "உங்களுக்குத்தான் எல்லாம் உடம்புலயே தெரியும்னு எங்க ஸ்குவாட்ரன்ல சொல்வாங்க சார். அஸ்ஸாம்ல நீங்க வந்ததைச் சொல்லாதவங்களே இல்ல. உங்க உடம்பு என்ன சொல்லுது சார்?"

என் உடம்பு நேர்னு சொல்லுது தாயே. சத்தியம் பண்ணிச் சொல்லுது. அந்தப் பழைய கதை முப்பது வருஷமா என் கூடவே வந்து, பார்ல சிரிச்சு, மெடலாத் தொங்கி, என்னை ஒவ்வொரு படியா ஏத்திவிட்டு, இப்ப இந்தப் பொண்ணு வாயில வந்து நிக்குது. நான் நேர்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவ மீட்டரை விட்டுட்டு என்னை நம்புவா. சொல்லாமலும் இருக்க முடியாது, கேட்டுட்டா. "என் உடம்பு பொய் சொல்லுதும்மா"ன்னேன். "உன்னுதும் பொய். நாம ரெண்டு பேருமே தப்பு. அஸ்ஸாம் கதையும் பொய், அன்னைக்கு நான் முள்ளைப் பார்த்துத்தான் வந்தேன். மீட்டர் என்ன காட்டுது? வாய்விட்டுப் படி." அவ படிச்சா. "வலது இருபது டிகிரி சார். உயரம் இறங்குது." "அதைச் சரி பண்ணு." "நீங்க கன்ட்ரோல் எடுத்துக்கறீங்களா சார்?" மடியில கிடந்த கை எழுந்துச்சு. நிஜமா எழுந்துச்சு, என்னைக் கேக்காமலே வீலை நோக்கிப் போச்சு. கையைப் பிடிச்சு, தொடைக்கு அடியில வச்சு, மேலே உட்கார்ந்துக்கிட்டேன். "வேண்டாம். நீதான் கேப்டன், உன்கிட்டயே இருக்கட்டும். நான் படிக்கிறேன், நீ கேட்டுக்கிட்டே ஓட்டு. என்னையும் நம்பாத, கோட்டைப் பார்த்துக்கிட்டே இரு. நான் தப்பாப் படிச்சா என்னைத் திட்டு." "சரி சார்"னா.

அவ இடது பக்கம் திருப்பறா. என் உடம்பு அலறுது. இடது பக்கம் கவுந்துட்டோம், பாழாப் போறவளே நிறுத்து, நிறுத்துன்னு அடிவயித்துலேருந்து அலறுது. படி, கோட்டைச்சாமி, கண்ணு இருக்கில்ல, படி. "பதினஞ்சு"ங்கறேன். விமானம் மல்லாந்து விழுது. "பத்து." விழுது. கோமதி, விழறேன்டி. "அஞ்சு, மூக்கைக் கொஞ்சம் தூக்கும்மா, உயரம் நின்னுடுச்சு." ஜெர்லின் பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுற மாதிரி மூச்சு விடறா, ஆனா கை நிக்குது, வேற எங்கயும் போகலை. வெள்ளை என்னைச் சுத்தி கிறுகிறுன்னு சுழலுது, வலது, இடது, மேலே, எல்லாம் ஒண்ணாக் கரைஞ்சு போச்சு, வெளியில தரை இருக்கா கடல் இருக்கா, யாருக்குத் தெரியும். கோடு மட்டும் இருக்கு. குரல் நடுங்குது. நடுங்கட்டும், மறைக்க மாட்டேன், அவளுக்கும் கேக்கட்டும் நடுக்கம். தலைகீழாத் தொங்கிக்கிட்டே, தொடைக்கு அடியில கை மரத்துப்போக, அந்தக் கோட்டை அவளுக்குப் படிச்சுக் காட்டறேன். "நேரா இருக்கும்மா. நேரா இருக்கு. எனக்கு அப்படித் தெரியலை, ஆனா நேரா இருக்கு."